மில்லிங் மிஷின் ‘அவுட்’ ஆகிவிட்டதா? ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சித்திரை பிறந்தால் கடைக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரிதான்: “அண்ணே, மிஷின் அவுட் ஆயிடுச்சு”, அதாவது நேர் தப்பிவிட்டது என்று. வீட்டுப் பின்கட்டிலோ மாடி ஷெட்டிலோ சுழலும் கட்டரால் உலோகத்தைச் சீவும் சின்ன மில்லிங் மிஷின் வைத்திருப்பவர்கள். நேரில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் மிஷினில் குறை இருக்காது, அளந்த விதத்தில்தான் இருக்கும். ஆளை வரவழைத்துச் செலவு செய்யும் முன் நீங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் கதையையே முதலில் சொல்லிவிடுகிறேன். சில வருஷம் முன்பு குடியாத்தத்தில் ஒரு வீடு. செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தை டேபிளில் நிறுத்தி, கட்டரைச் சுமக்கும் ஹெட்டைத் தூணில் ஏற்றி இறக்கி டயல் (நுண்ணிய வித்தியாசத்தை முள்ளால் காட்டும் கேஜ்) பார்த்தால் 100 மி.மீ. உயரத்துக்கு 0.12 மி.மீ. சாய்வு. தூணின் அடியில் தகடு வைப்பதும் எடுப்பதுமாக ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது. சாயங்காலம் அந்த வீட்டம்மா காபி கொண்டுவந்தார்கள். டம்ளர் வைக்க இடம் வேண்டுமே என்று மூலைமட்டத்தைத் தூக்கினேன். அடியில் ஒரு அலுமினியச் சுருள், மயிரிழை அளவுதான். வைத்த தகடெல்லாம் எடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

ஆகவே துடைப்பதுதான் முதல் வேலை. துணியால் துடைத்த பிறகு உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். துணிக்குத் தெரியாத பிசிறு கைக்குத் தெரியும். டேபிளில் அடிபட்ட மேடு இருந்தால் எண்ணெய்க்கல்லால் லேசாகத் தேயுங்கள். அடுத்தது கிப், டேபிள் சறுக்கும் தடத்தில் ஆட்டம் வராமல் இறுக்கும் பட்டை. டயலை டேபிள் ஓரத்தில் வைத்துக் கையால் தள்ளுங்கள், இழுங்கள். முள் நாலைந்து டிவிஷன் ஆடினால் கிப்பை இறுக்கிவிட்டுத்தான் மற்றதெல்லாம். ஆடுகிற டேபிளில் எதை அளந்தாலும் வீண்.

அப்புறம் ஸ்பிண்டில், கட்டரைச் சுற்றும் தண்டு. டிரில்லைக் கவ்வும் சக்கில் கம்பியைப் பிடித்து ரன்-அவுட் (சுற்றும்போது வரும் ஆட்டம்) பார்த்துவிட்டுப் புலம்பாதீர்கள், அது சக்கின் குறையாக இருக்கலாம். டயல் முனையை ஸ்பிண்டிலின் உள் டேப்பரிலேயே (கூம்பான துளை) வைத்துக் கையால் சுற்றுங்கள். டெஸ்ட் பார் (சோதனைக்கென்றே உள்ள துல்லியமான கம்பி) இருந்தால் மாட்டிப் பார்த்து, கழற்றி, பாதிச் சுற்றுத் திருப்பி மறுபடி மாட்டுங்கள். மேடு பாரோடு சேர்ந்து இடம் மாறினால் குறை பாரில். ஸ்பிண்டில் பக்கமே நின்றால் ஸ்பிண்டிலில்.

ஹெட் நேராக இருக்கிறதா என்பதுதான் எல்லோரும் கேட்பது. ஸ்பிண்டிலில் டயலை மாட்டி, டேபிள் மேல் 200 மி.மீ. வட்டமாகச் சுற்ற வேண்டும். முனை டேபிளில் உள்ள டி-ஸ்லாட் பள்ளத்தில் விழுந்து எழுந்தால் டயல் கெடும். பழைய பெரிய பேரிங்கின் வெளி வளையம் ஒன்றைப் படுக்கவைத்து அதன்மேல் சுற்றுங்கள். இரண்டு பக்கமும் கிரைண்டிங் செய்தது, வழுக்கிக்கொண்டு போகும். இடத்துக்கும் வலத்துக்கும் 0.04 வித்தியாசம் வந்தால், 50 மி.மீ. கட்டரை முன்னும் பின்னும் ஓட்டும்போது வரிசைக்கு வரிசை 0.01 படி விழும். நகம் வைத்தால் தட்டும். வீட்டு வேலைக்கு அது போதும் என்பது என் எண்ணம். கண்ணாடி மாதிரி வேண்டும் என்பவர்கள் ஹெட் போல்ட்டைத் தளர்த்தி, மரச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கொண்டுவரலாம்.

ஆனால் ஹெட் நேரானால் தூணும் நேர் என்று அர்த்தமில்லை. தூண் சாய்ந்திருந்தால், டிரில்லை எடுத்துவிட்டு எண்ட் மில் கட்டரை மாட்ட ஹெட்டை ஏற்றியதும் துளையின் சென்டர் நகர்ந்துவிடும். அதற்குத்தான் மூலைமட்டம். மூலைமட்டத்தையும் அப்படியே நம்பக் கூடாது. டேபிளில் படுக்கவைத்து, அடிக்கட்டையை நீளவாக்கில் டயலால் நேராக்கி, டேபிளைக் குறுக்கே ஓட்டி மட்டத்தின் மெல்லிய கையான அலகைப் பாருங்கள். பிறகு மட்டத்தைப் புரட்டிப் போட்டு மறுபடி பாருங்கள். இரண்டு முறையும் ஒரே பக்கம் +0.03 வந்தால் மிஷினின் கோணல். ஒருமுறை +0.03, மறுமுறை -0.03 என்றால் மட்டத்தின் கோணல்.

சரி, சித்திரையில் மட்டும் ஏன் இத்தனை போன்? அளவுகளுக்கு உலகம் ஒத்துக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி. வேலூரில் அது மார்கழி விடியற்காலையில் கிடைக்கும். 300 மி.மீ. எஃகு 10 டிகிரி ஏறினால் 0.035 நீளும், அலுமினியம் அதைப்போல் இரண்டு மடங்கு. தகரக் கூரை ஷெட்டில் மேற்கு வெயில் தூணின் ஒரு பக்கம் மட்டும் அடித்தால் தூணே லேசாக வளையும். காலை ஏழு மணிக்கு ஒருமுறை, மதியம் மூன்றுக்கு ஒருமுறை அளந்து பாருங்கள்; இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் ஜன்னலுக்கு ஒரு சாக்குத் திரை போதும்.

இதெல்லாம் பார்த்தும் சரிவரவில்லை என்றால், படித்த எண்களைக் காகிதத்தில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். எத்தனை மணிக்கு அளந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். டயல் கேஜும் பேரிங் வளையமும் கடையில் இரண்டு நாளைக்கு இரவல் தருகிறோம், வாடகை இல்லை. திருப்பித் தரும்போது எண்ணெய் தடவித் தாருங்கள். போன மாதம் ஒன்று துருப்பிடித்து வந்தது.

அன்புடன்,
கடையிலிருந்து,
சத்துவாச்சாரி, வேலூர்.