2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வருகை தந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்கு இவ்வறிக்கையின் நகல் தபாலில் போகும்.

பொதுக்குழு முறைப்படி கூடியது. காந்தி ஜெயந்தியன்று பாளையங்கோட்டையில் பழைய புத்தகங்கள் திரட்டப்பட்டன. மாதக் கூட்டங்களில் சில, நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தாலும் குற்றாலச் சாரலாலும் கோரம் இல்லாமல், அதாவது போதிய உறுப்பினர்கள் வராமல், கலைந்தன.

இனி, இலங்கை மலையகப் பிள்ளைகளுக்கு இங்கிருந்தே இணையவழியில் நாம் நடத்தும் கணித வகுப்பு. இது செயலாளரின் சொந்த ஆசை என்று சிலர் பேசிக்கொள்வதாகக் காதில் விழுந்ததால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நம் சீமையிலிருந்தும் கப்பலேறியவர்களின் வழிவந்தோர் இன்னும் தேயிலைத் தோட்டங்களின் லயன் அறைகள் எனும் வரிசைக் குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். 1948இல் குடியுரிமையை இழந்து, 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்று பங்கு போடப்பட்ட மக்கள். அங்கே தங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, அங்கே பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரணதரப் பரீட்சையில் கணிதம்தான் முட்டுக்கட்டை. தோட்டப் பள்ளிகளில் கணித ஆசிரியர்கள் போதாது. பாளையங்கோட்டையிலோ தெருவுக்கு ஒருவர் ஓய்வுபெற்று உட்கார்ந்திருக்கிறார். இரு நாட்டுக்கும் கடிகாரம் ஒன்றே. பாடநூல்களை அந்நாட்டுக் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. பிறகென்ன தடை?

நுவரெலியா மாவட்டத் தோட்டமொன்றின் சனசமூக நிலையத்தில் ஞாயிறு மாலை பிள்ளைகள் கூடுகிறார்கள். ஆடியில் அங்கே தகரக் கூரையில் மழை கொட்டினால் நாம் பேசுவது ஒன்றும் கேட்காது. இங்கே கரும்பலகையில் எழுதிக் காட்டுவோம். அங்கே ஒரு சிறுமி விடையை நோட்டில் பெரிதாக எழுதிக் கேமராவுக்கு நேரே பிடிப்பாள். ஒருநாள் நம் ஆசிரியர் விட்டுவிட்ட கழித்தல் குறியை அவள் வட்டமிட்டுக் காட்டினாள். அன்று வகுப்பு அரை மணி நேரம் கூடுதலாக நடந்தது.

வகுப்பெடுக்கப் பெயர் கொடுத்தவர்களில் தவறாமல் வருபவர்கள் மூவர். மற்றவர்களுக்கு ஞாயிறுதோறும் கல்யாணம். முகூர்த்தமே இல்லாத மார்கழியிலும் கல்யாண வீட்டில் இருப்பதாகச் சொன்னவரிடம் நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

கணக்கைப் பொறுத்தவரை, வரவுக்குள் செலவு அடங்கியது. சிறிது கையிருப்பும் உண்டு. விவரங்களைப் பொருளாளரிடம் கேட்டுக்கொள்ளலாம். சங்கப் பணத்தை நேரே அனுப்பினால் என்ன என்று கேட்பவர்களுக்கு: வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் தாராளத் திட்டம் தனிநபர்களுக்கு மட்டுமே, சங்கத்துக்கோ அறக்கட்டளைக்கோ பொருந்தாது. ஆகவே அங்குள்ள தொலைக்காட்சிப் பெட்டியும் இணைய இணைப்பும் உறுப்பினர் ஒருவர் தம் சொந்தக் கணக்கிலிருந்து அனுப்பிய பணத்தில் வந்தவை. சந்தாவையும் ஏப்ரலிலேயே கட்டியவர் அவர்தான். பாக்கிதாரர் பட்டியலை மேடையில் வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார், வாசிக்கவில்லை. அறிவிப்புப் பலகையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

இடம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், தணிக்கையாளருக்கும், நிர்வாகக் குழுவினருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு அறிவியல் பாடமும் நடத்தும்படி தோட்டத்துப் பெற்றோர் கேட்கிறார்கள். அதற்கு இரண்டு ஆசிரியர்கள் வேண்டும். மின்வெட்டில் வகுப்பு அறுந்துபோகாமல் இருக்க இன்வெர்ட்டர் ஒன்றும் வேண்டும். இவை அமையாவிட்டால் கணிதத்தோடு நின்றுவிடுவோம் என்று அவர்களுக்கு எழுத வேண்டியிருக்கும். கடிதத்தை இன்னும் எழுதவில்லை. செயலாளர் பொறுப்பை ஏற்க யாராவது முன்வந்தால் சாவியை இன்றே தரத் தயார். பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் காப்பி மேசைக்குப் பக்கத்திலேயே அமர்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்