அந்த 'வீரர் ஒருவர்' யார், ஐயா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த இதழில், ஜேர்மனியின் பயேர்ன் மியூனிக் காற்பந்துக் கழகத்தின் முன்னாள் கோல்காப்பாளர் ஒலிவர் கான் பற்றி வந்த மூன்று பக்கக் கட்டுரையை வாசித்தேன். ஒருதரம் அல்ல, மூன்றுதரம். கான் பெரிய கோல்காப்பாளர்தான், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் இரண்டாம் பக்கத்தில், ஜேர்மன் லீக் பட்டத்தைத் தீர்மானித்த 2001 மே 19 ஹம்பேர்க் ஆட்டத்தைச் சொல்லும் இடத்தில், 'கடைசி விநாடிகளில் பயேர்ன் வீரர் ஒருவர் அடித்த அதிர்ஷ்ட கோல்' என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, இடம் போதவில்லையாக்கும் என்று பக்கத்தைத் திருப்பினேன். அங்கே நான்கு நாட்கள் கழித்து மிலானில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். 'பற்றிக் அண்டர்சன் பெனால்டியைத் தவறவிட்டார்.' இந்த முறை பெயர் முழுதாக இருக்கிறது!

கோலை அடித்தவரும் பெனால்டியைத் தவறவிட்டவரும் ஒரே ஆள்தான், ஐயா: பயேர்னின் பின்வரிசையில் ஆடிய சுவீடன்காரர் அண்டர்சன். இவ்வளவு காலம் பத்திரிகை நடத்தும் உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது. அடித்தபோது 'வீரர் ஒருவர்', தவறியபோது முழுப்பெயர் என்பது எந்த ஊர் நியாயம் என்று மட்டும் எனக்கு விளங்கவில்லை.

அந்த மே 19 அன்று நான் கெல்சன்கியர்ஷனில் ஓர் இத்தாலிய உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை பின்னேரம். சமையற்காரர், பட்டத்துக்குப் பயேர்னோடு போட்டியிட்ட எங்கள் ஊர் ஷால்க அணிக்கு உயிரையே கொடுப்பவர். அடுப்புக்கு மேல் தட்டில் வானொலி. ஷால்கவின் மைதானமான பார்க்ஸ்டேடியனில் அன்றுதான் கடைசி ஆட்டம். ஷால்க அணி முதலில் 2-0 என்று பின்தங்கி, பிறகு உன்டர்ஹாக்கிங்கை 5-3 என்று வென்றது. ஹம்பேர்க்கில் 90 ஆவது நிமிடத்தில் பயேர்னுக்கு எதிராக ஹம்பேர்க் வீரர் பார்பரேஸ் தலையால் முட்டிக் கோலடித்தார் என்று வானொலி கத்தியதும், சமையற்காரர் கரண்டியை எறிந்துவிட்டு வந்து, சவர்க்காரக் கையோடு நின்ற என்னைத் தூக்கிச் சுற்றினார். வெளியே கார்கள் எல்லாம் ஹோர்ன் அடித்தன. பயேர்ன் தோற்றால் பட்டம் ஷால்கவுக்குத்தானே! நாலு நிமிடம் அந்த ஊரே சாம்பியன்.

பிறகு வானொலிக்காரரின் குரல் மாறியது. சொந்த அணி வீரர் உஃபலூசி பின்னால் தட்டிய பந்தை ஹம்பேர்க் கோல்காப்பாளர் ஷோபர் கையால் எடுத்துவிட்டார், அது விதிப்படி தவறு. (அந்த ஷோபர் ஷால்க கழகத்திலிருந்து இரவலாகப் போனவர் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் வரும், வயிறும் எரியும்.) மத்தியஸ்தர் மேர்க் ஊதினார். பெனால்டி எல்லைக்குள்ளேயே மறைமுக ஃப்ரீ கிக். ஹம்பேர்க் அணி முழுவதும் கோல் வாயிலை அடைத்துக்கொண்டு நின்றது. பயேர்னின் எஃபன்பேர்க் பந்தை மெல்லத் தட்டிவிட, அண்டர்சன் ஓங்கி அடித்தார். அத்தனை கால்களுக்கு நடுவே பந்து உள்ளே போனது. ஆட்டம் 1-1, பயேர்னுக்கு 63 புள்ளி, ஷால்கவுக்கு 62. எங்கள் சமையற்காரர் ஏப்ரனைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு வெங்காய மூட்டையில் உட்கார்ந்தார். அன்று இரவு நாலு மேசைக்குச் சாப்பாடு போகவே இல்லை.

பயேர்னுக்காக அண்டர்சன் அடித்த ஒரே கோல் அதுதான். அதை அதிர்ஷ்டம் என்கிறீர்கள். 94 ஆவது நிமிடத்தில், கண்ணுக்கு முன்னால் ஒரு மதில் நிற்க, தவறினால் கோப்பையே போய்விடும் என்ற நிலையில் எழுதியவர் ஒருதரம் அடித்துப் பார்க்கட்டும். கான் கொடிக்கம்பைப் பிடுங்கிக்கொண்டு புல்லில் விழுந்து கத்தியதை அரைப்பக்கத்துக்கு வர்ணித்திருக்கிறீர்கள். கான் எதற்காகக் கொடிக்கம்பைப் பிடுங்கினார்? காற்று வாங்கவா?

மிலானில் ஆட்டம் முடிந்தபின் நடந்த பெனால்டி உதைகளில் அண்டர்சனின் உதையை எதிரணியான வலென்சியாவின் கோல்காப்பாளர் கனிஸாரெஸ் மறித்தது உண்மைதான். நான் மறைக்கவில்லை. அதே ஆட்டத்தில் 90 நிமிடமும் மேலதிக நேரமும் பின்வரிசையில் நின்றவரும் அவர்தானே? அன்று பயேர்னின் மெமெட் ஷோலும் பெனால்டி ஒன்றைத் தவறவிட்டார், அதுவும் ஆட்டத்துக்குள். அதை நீங்கள் எழுதவே இல்லை. கோலடிக்கப் பிறந்தவர் தவறினால் துரதிர்ஷ்டம், பின்வரிசைக்காரன் தவறினால் வரலாறு.

இது எனக்குச் சொந்த அனுபவம். ஊரில் நான் ஏழு வருடம் புல்பாக் ஆடினேன். எத்தனை பந்தை மறித்தேன் என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை. கோயில் திருவிழாக் காலத்துப் போட்டி ஒன்றில் காலில் பட்டுத் திரும்பி ஒரு சேம்சைட் கோல் விழுந்தது. போன வருடம் டோர்ட்முண்டில் ஒரு கல்யாண மண்டபத்தில், 30 வருடத்துக்கும் மேலாகக் காணாத ஊரவர் ஒருவர் தன் மகளிடம் என்னை எப்படி அறிமுகப்படுத்தினார் தெரியுமா? "இவர்தான் பிள்ளை, சேம்சைட் அடிச்ச மாமா." அந்தப் பிள்ளை பிறந்ததே ஜேர்மனியில்!

இது முதல் தடவையும் அல்ல. முன்பு 1994 உலகக் கிண்ணம் பற்றி ஒரு சிறப்புப் பக்கம் போட்டீர்கள். சுவீடன் மூன்றாமிடம் பெற்ற கதை. பற்றிக் அண்டர்சன் என்ற பெயருக்கு மேலே கென்னத் அண்டர்சனின் படம். கென்னத் முன்வரிசைக்காரர், அந்தப் போட்டியில் ஐந்து கோல் அடித்தவர். பற்றிக் பின்வரிசையின் நடுவே பியூர்க்லண்டோடு நின்றவர். சுவீடனில் அண்டர்சன் என்ற பெயர் எங்கள் ஊரில் சிவலிங்கம் மாதிரி. அதற்காக மரண அறிவித்தலில் ஒரு சிவலிங்கத்துக்கு மற்றச் சிவலிங்கத்தின் படத்தைப் போடுவீர்களா? போட்டால் உறவினர்கள் விடுவார்களா? நான் அப்போதே கடிதம் எழுதினேன். வரவில்லை. இரண்டாவது கடிதம் வந்தது, என் பெயருக்குப் பதிலாக வேறொரு வாசகரின் பெயரோடு. அவர் இப்போதும் என்னைக் கண்டால் "நல்லாய் எழுதியிருக்கிறேன் என்ன?" என்று கேட்பார்.

அந்த 1994 சிறப்புப் பக்கத்தில் பிரேசிலுடனான அரையிறுதியைப் பற்றி, 'உயரமான சுவீடன் பின்வரிசை குள்ளமான றொமாரியோவை மறந்துவிட்டது' என்று நக்கல் வேறு. அந்த ஆட்டத்தை நான் அகதி முகாமில், இங்கே நள்ளிரவு தாண்டிய நேரத்தில், பதினாறு பேரோடு ஒரு சின்னத் தொலைக்காட்சியில் பார்த்தேன். சுவீடனின் தேர்னுக்குச் சிவப்பு அட்டை கிடைத்துப் பத்துப் பேரோடு ஆடினார்கள். 80 ஆவது நிமிடம் வரை பிரேசிலால் ஒரு கோல் போட முடியவில்லை. அந்த 80 நிமிடத்துக்கு உங்கள் பக்கத்தில் ஒரு வரியும் இல்லை. மூன்றாமிடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவை 4-0 என்று வென்றபோது முகாமில் ஜேர்மன் காவலாளிகளே கைதட்டினார்கள். காலிறுதியில் அவர்களை வீட்டுக்கு அனுப்பியது பல்கேரியா அல்லவா!

பிறகு பற்றிக் அண்டர்சனை மொன்ஷன்கிளாட்பாக் என்ற ஜேர்மன் கழகத்தில் பார்த்தேன். உடன் வேலை செய்தவர் தந்த நுழைவுச்சீட்டில் ஒருதரம் அந்தக் கழகத்தின் பெக்கல்பேர்க் மைதானத்துக்குப் போனேன். எல்லாரும் பந்தைப் பார்த்தார்கள், நான் அவரைப் பார்த்தேன். ஓட மாட்டார். இரண்டு எட்டு முன்னதாகவே நகர்ந்து நிற்பார், பந்து தானாக அவரிடம் வரும். 1993 முதல் ஆறு வருடம் அங்கே ஆடினார், 1995 இல் ஜேர்மன் கிண்ணம். பயேர்னில் இரண்டு வருடத்தில் இரண்டு லீக் பட்டம். பார்சலோனாவில் காயம் அவரை ஆடவிடவில்லை. கடைசியில் தொடங்கிய இடமான சுவீடனின் மால்மோ கழகத்துக்கே திரும்பி, 2004 இல் அந்தக் கழகத்துக்கு 1988 க்குப் பிறகு முதல் பட்டம். சுவீடனுக்காக 96 ஆட்டங்கள். அந்த நாட்டின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து விருது 1995 இலும் 2001 இலும். அவருடைய தகப்பன் ரோய்க்கும் 1977 இல் அதே விருது. தம்பி டானியேலும் நாட்டுக்காக ஆடியவர். இப்படி ஒரு வீட்டைப் பற்றி இத்தனை வருடத்தில் ஒரு பத்தி எழுத உங்களுக்கு மனம் வரவில்லை. அதே சுவீடனின் நட்சத்திரம் ஸ்லாட்டன் இப்ராகிமோவிச் கொண்டையை மாற்றிக் கட்டினால் மட்டும் வண்ணப்படத்தோடு முழுப்பக்கம்.

நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. சந்தாவை நிறுத்தப் போவதாகவும் மிரட்டவில்லை. அடுத்த இதழில் ஒரே ஒரு வரி போடுங்கள்: '2001 மே 19 அன்று ஹம்பேர்க்கில் பயேர்னின் கோலை அடித்தவர் பற்றிக் அண்டர்சன்.' இராசிபலனுக்குக் கீழே இடமிருந்தால் அங்கே போட்டாலும் போதும். படம் வேண்டாம், உங்களை நம்ப முடியாது.

கடிதம் நீண்டுவிட்டது, வெட்டுவீர்கள் என்று தெரியும். சேம்சைட் கதையை வேண்டுமானால் வெட்டுங்கள். என் பெயரை வெட்டினாலும் பரவாயில்லை, எனக்குப் பழகிவிட்டது. அவருடைய பெயரை வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
19 வருடச் சந்தாதாரர்,
கெல்சன்கியர்ஷன், ஜேர்மனி