குடிலுக்குப் பொம்மை வாங்கப் போன கதை

சேலம்
டிசம்பர் 7

அன்புள்ள ஸ்டெல்லா,

முழங்கால் எப்படி இருக்கிறது? ஊசி போட்டுக்கொண்டாயா, இல்லை போன தடவை மாதிரி ஆஸ்பத்திரி வாசல்வரை போய்விட்டுத் திரும்பினாயா? நான் சௌக்கியம். மாடியில் அவரை மட்டும் காய்க்கிறது, மற்றதெல்லாம் அணிலுக்கு.

நீ கேட்ட கிறிஸ்துமஸ் குடில் செட் வாங்கிவிட்டேன். போன வருஷம் நீ ஆன்லைனில் வாங்கியது கை வேறு கால் வேறாக வந்து சேர்ந்ததே, அது போல இல்லை. அடிவாரம் போகும் வழியில், கோரிமேடு தாண்டி ஒரு அம்மா செய்கிறார். ஓட்டு வீடு, பக்கத்தில் சாக்குப் போட்டு மூடிய மண் குவியல், பின்னால் சூளை. என்னைவிடப் பத்து வயசு சின்னவராக இருப்பார். ஆனால் கை விரல்களைப் பார்த்தால் நம் இருவரின் வயதையும் கூட்டியது போல இருக்கும்.

அவருக்கு வருஷம் என்பதே பண்டிகைக் கணக்குத்தான். ஆவணியில் பிள்ளையார், புரட்டாசியில் கொலு, கார்த்திகையில் அகல், அப்புறம் குடில், அது முடியும் முன்னே பொங்கல் பானை. இதில் குடில்தான் கஷ்டமாம். சரியாக அடைமழையில் வந்து மாட்டுகிறது, மண் காயாது. வெயிலும் உதவாது, ஒரு பக்கம் சீக்கிரம் காய்ந்து விரிசல் விடும். அதனால் வீட்டுக்குள் நிழலில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார். நான் போனபோது குழந்தை இயேசுவைப் பார்க்க வரும் மூன்று ராஜாக்களும் அரிசி டிரம்முக்கு மேலே உட்கார்ந்திருந்தார்கள்.

ஒவ்வொரு பொம்மையும் உள்ளே கூடு. கெட்டியாகப் பிடித்தால் நடுவில் நிற்கும் ஈரம் சூளையில் ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல் பொம்மையையே வெடிக்கச் செய்துவிடும். அடியில் ஒரு துளையும் உண்டு. குழந்தை மட்டும் கெட்டி. விரல் அளவுதானே, முழுசாகக் காய்ந்துவிடுகிறது. அதை அகல் சூளையிலேயே விளக்குகளுக்கு நடுவில் செருகி வேக வைத்துவிடுகிறாராம். தீபத்துக்கு நான் ஏற்றிய அகலும் உன் வீட்டுக் குழந்தையும் ஒரே சூட்டில் வெந்தவை என்று நினைத்துக்கொள்.

மாதாவைப் பற்றித்தான் உன்னிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டும். நாம் பார்த்த சுரூபமெல்லாம் முழந்தாள் படியிட்டுக் கைகூப்பியிருக்கும் இல்லையா? அரிசிப்பாளையத்தில் குழந்தை இயேசு பேராலயத்துக் குடிலைப் பார்க்க உன் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பேனே, அதிலும் அப்படித்தான். இந்த அம்மாவின் மாதா சுவரில் சாய்ந்த மாதிரி, இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். "ஏங்க இப்படி?" என்றேன். "அவ்வளவு தூரம் வந்து இப்பத்தான் பெத்திருக்கா. பெத்தவ எங்கயாச்சும் முட்டி போட்டு உக்காருவாளாங்க?" என்றார். எனக்கு வாயே வரவில்லை. என் மூத்தவன் பிறந்த அன்று நான் கிடந்த கிடை ஞாபகம் வந்தது.

சூசையப்பருக்குத் தலைப்பாகை, கையில் அகல். மாட்டுக்குத் திமில் உண்டு, நம்மூர் மாடுதான். ஒட்டகம் மட்டும் ஐயனார் கோயில் குதிரை முதுகில் மூட்டை ஏற்றியது போல இருக்கிறது. சிரிக்காதே, எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. சம்மனசு, அதாவது தேவதூதர், கிடையாது. "பறக்கறத மண்ணுல செஞ்சா கனத்துல விழுந்துரும்ங்க." மொத்தம் 14 உருப்படி, 2,200 ரூபாய். பேரம் பேசவில்லை, உன் பணம்தானே.

தலையில் கூடை சுமந்த ஒரு பெண்ணும் அலமாரியில் நின்றாள். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கிறவளாம். செட்டில் சேர்த்தி இல்லை, தனி விலை. "இவளுக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்பாய். பிரான்சின் தெற்கே புரோவான்ஸ் பக்கம் இப்படித்தான் செய்கிறார்களாம். புரட்சி சமயத்தில் கோயில்களைப் பூட்டியதும் ஜனங்கள் வீட்டுக்குள்ளேயே குடில் வைக்க ஆரம்பித்தார்கள். ரொட்டி சுடுகிறவர், மீன்காரி, சாணை பிடிக்கிறவர் என்று ஊரே சின்ன மண் பொம்மையாகக் குழந்தையைப் பார்க்க வந்து நிற்கும். சாந்தோன் என்று பெயர். அங்கே மார்சே நகரில் அதற்கென்று 1803 முதல் சந்தையே கூடுகிறது. எனக்கு உடனே நம் கொலுவில் கடை பரப்பி உட்கார்ந்திருக்கும் செட்டியாரும் செட்டிச்சியும்தான் நினைவுக்கு வந்தார்கள். கூடைக்காரியை என் செலவில் வாங்கிவிட்டேன்.

இன்னொன்று. உங்கள் பெரியண்ணனிடம் போனில் பேசினேன். இயேசு பிறப்பைச் சொல்லும் மத்தேயு, லூக்கா சுவிசேஷம் இரண்டிலும் மாடும் கழுதையும் இல்லவே இல்லையாமே! மாடு தன் எஜமானை அறியும், கழுதையும் தன் எஜமானின் முன்னணையை, அதாவது தீனித் தொட்டியை, அறியும் என்று பழைய ஏற்பாட்டு ஏசாயாவில் வருவதை வைத்து வந்த வழக்கம் என்றார். 1223இல் புனித அசிசி பிரான்சிஸ் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் குடில் வைத்தபோது உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்தே நிறுத்தினாராம். ஆக மாடு இல்லாமல் குடில் ஆகாது என்று உங்கள் அம்மா பிடிவாதம் பிடித்ததில் நியாயம் இருந்திருக்கிறது.

தம்பி மகன் 14ஆம் தேதி காரில் திருச்சி வருகிறான். எல்லாவற்றையும் வைக்கோல் வைத்துக் கட்டி அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். குழந்தை தனியாகப் பஞ்சில் சுற்றிப் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கும், அதைத் தூக்கிப் போட்டுவிடாதே.

இப்போது உன்னிடம் சொந்த மாடு இருக்கிறது. அதனால் 1974 டிசம்பரில், உங்கள் வீட்டு மாடு உடைந்துபோனது என்று எங்கள் கொலுவிலிருந்து இரவல் வாங்கிப் போன பசுவை அவனிடமே திருப்பி அனுப்பு. கொம்பு போயிருந்தாலும் பரவாயில்லை.

உன்
கோமதி