புது கார்டுக்குச் சரி சொல்வதற்கு முன்

அன்புள்ள கண்ணுக்கு,

நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன். இருக்கிற கிரெடிட் கார்டை அப்கிரேடு செய்துகொள்ளலாம், லிமிட் 2 லட்சம், ஏர்போர்ட் லவுஞ்ச் இலவசம், வருஷக் கட்டணம் 2,999 என்று உன் வங்கி எழுதியிருக்கிறது. கீழே நீ "எடுக்கட்டுமா அம்மா?" என்று மட்டும் கேட்டிருக்கிறாய். போனில் பதில் சொன்னால் பாதியிலேயே உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன், ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி.

கம்பெனியை மூடி உன்னை வீட்டுக்கு அனுப்பிய அந்த வருஷம், பெங்களூரு வாடகையையும் மளிகையையும் கார்டிலேயே ஓட்டினாய். பிறகு கட்ட முடியாமல் போய், வசூல் ஆட்களின் போனுக்குப் பயந்து, பாதித் தொகையில் செட்டில்மெண்ட் பேசி முடித்தாய். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நீ அதைத் தனியாகச் சுமந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது. ஆனால் அதற்குப் பிறகு நீ செய்ததுதான் பெரிசு. 30,000 ரூபாயை எஃப்.டி.யில் போட்டு, அதன் பேரில் 27,000 லிமிட்டில் ஒரு கார்டு வாங்கி, ஒரு பில்லைக்கூடத் தவறவிடாமல் கட்டி வந்திருக்கிறாய். வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்தவள் நான். ஒருமுறை சறுக்கினவர்கள் இப்படிப் பொறுமையாகத் திரும்பி வருவதை நான் அதிகம் பார்த்ததில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். அப்கிரேடு செய்யலாம். ஆனால் இந்த மாதம் வேண்டாம், இந்தக் கார்டும் வேண்டாம்.

அப்கிரேடால் உனக்குக் கிடைக்கக்கூடிய உண்மையான லாபம் எது என்பதை முதலில் தெரிந்துகொள். லவுஞ்ச் இல்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நீ ஈரோட்டுக்கு வருவது ரயிலில். இப்போதெல்லாம் பல கார்டுகளில் முந்தைய மூன்று மாதத்தில் இவ்வளவு செலவு செய்திருந்தால்தான் லவுஞ்சுக்குள்ளேயே விடுகிறார்கள். அதற்காக 2,999 ரூபாயும் அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்து ஏறக்குறைய 3,540 ரூபாய் கொடுப்பது வீண்.

லாபம் இருப்பது லிமிட்டில். நீ மாதம் 20,000, 22,000 என்று அந்தக் கார்டில் செலவு செய்து, கடைசித் தேதிக்கு முன்னாலேயே முழுசாகக் கட்டிவிடுகிறாய். அப்படியும் ஸ்கோர் ஏன் 700-ஐ ஒட்டியே நிற்கிறது என்று போன தடவை கேட்டாய் அல்லவா? நம் கடன் வரலாற்றைப் பதிவு செய்து ஸ்கோர் போடுகிற நிறுவனம்தான் சிபில். அதற்கு வங்கி அனுப்பும் கணக்கில், அனுப்புகிற நாளில் உன் கார்டில் எவ்வளவு நிலுவை இருக்கிறதோ அதுதான் போகும். பெரும்பாலும் அது பில்லில் வந்த தொகையாகவே இருக்கும். நீ பத்து நாள் கழித்து முழுசாகக் கட்டினாலும், அன்றைக்கு 27,000 லிமிட்டில் 22,000 நிலுவை என்றுதான் பதிவாகும். நூற்றுக்கு எண்பதுக்கு மேல். அதைப் பார்க்கிறவனுக்கு இந்தப் பெண் கையிருப்பு இல்லாமல் கார்டை நம்பியே ஓட்டுகிறாள் என்று தோன்றும். முப்பது சதவீதத்துக்குள் வைத்துக்கொள் என்று எல்லோரும் சொல்வது இதனால்தான். அதே 22,000, ஒரு லட்சம் லிமிட்டில் 22 சதவீதம். நீ ஒரு ரூபாயும் குறைத்துச் செலவு செய்யாமலே கணக்கு அழகாகிவிடும்.

அதுவரைக்கும் ஒரு வழி இருக்கிறது. பில் போடுகிற தேதிக்கு இரண்டு மூன்று நாள் முன்னாலேயே பெரும்பகுதியைக் கட்டிவிடு, ஐந்தாறாயிரம் மட்டும் பில்லில் வரட்டும். 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் மாதத்துக்கு இரண்டு முறையாவது நிலவரத்தைச் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. அதனால் நல்லது செய்தால் முன்பைவிடச் சீக்கிரம் தெரியும். கெட்டதும் அப்படித்தான்.

இரண்டாவது லாபம், உன் 30,000 ரூபாய். இப்போது அது உன் பேரில் இருந்தாலும் வங்கியின் பிடியில் இருக்கிறது. அடகில் இருக்கிற வளையலைக் கையில் போட முடியாதது போலத்தான். எஃப்.டி. இல்லாத கார்டுக்கு மாறும்போது அந்தப் பிடியை விடுவிக்க வேண்டும். விடுவிக்கவில்லை என்றால் அது அப்கிரேடே இல்லை, வேறு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக், அவ்வளவுதான்.

இனி, இந்த மாதம் ஏன் வேண்டாம் என்கிறேன் என்று சொல்கிறேன்.

உன் சிபில் ரிப்போர்ட்டில் அந்தப் பழைய கார்டின் பக்கத்தில் 'செட்டில்டு' என்று ஒரு சொல் இருக்கும். கடன் முடிந்தது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். வங்கிக்காரர்கள் அதை அப்படிப் படிப்பதில்லை. வாங்கியதை முழுசாகக் கொடுக்கவில்லை, மீதியை நாங்கள் விட்டுக்கொடுத்தோம் என்றுதான் அதற்கு அர்த்தம். வீட்டுக் கடன் மனு வந்தால் ஸ்கோரைப் பார்த்த கையோடு நாங்கள் தேடுவது இந்தச் சொல்லையும், இனி வராது என்று வங்கி ஒதுக்கிவிட்ட கடனைக் குறிக்கும் 'ரிட்டன் ஆஃப்' என்ற சொல்லையும்தான். ஸ்கோர் 760 இருந்தும் இந்த ஒரு வரியால் நின்றுபோன மனுக்கள் உண்டு. நீயும் மாப்பிள்ளையும் இரண்டு வருஷத்தில் வீடு வாங்க நினைக்கிறீர்கள். பல வங்கிகள் இப்போது ஸ்கோரைப் பார்த்துத்தான் வட்டியையே தீர்மானிக்கின்றன. இருபது வருஷக் கடனில் அரை சதவீதம் கூடினாலும் அது லட்சக் கணக்கில் போகும். புதுக் கார்டைவிட இந்த வரியைச் சரிசெய்வதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அந்தப் பழைய வங்கிக்கு எழுது. செட்டில்மெண்டில் தள்ளுபடி செய்த தொகை எவ்வளவு, அதைக் கட்டினால் கணக்கை 'க்ளோஸ்டு' என்று மாற்றித் தருவீர்களா என்று மின்னஞ்சலில் கேள். போனில் வேண்டாம், ஏஜெண்டிடம் வேண்டவே வேண்டாம். மாற்றித் தருகிறோம் என்று எழுத்தில் வந்த பிறகு பணத்தைக் கட்டு. கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லிப் பேசிப் பார், வட்டியையும் அபராதத்தையும் விட்டுக்கொடுப்பது உண்டு. ஆனால் குறைத்துவிட்டு மறுபடியும் செட்டில்டு என்றே போட்டுவிட்டால் கட்டியும் பயனில்லை. கட்டியதும் நிலுவை இல்லை என்ற சான்றிதழை வாங்கிப் பத்திரமாக வை. தொகை பெரிசாக இருந்தால் அப்பாவும் நானும் பாதி தருகிறோம். இதில் கூச்சப்படாதே.

அப்புறம் ரிப்போர்ட்டை எடுத்துப் பார். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். உன் ரிப்போர்ட்டை நீயே பார்ப்பதால் ஸ்கோர் இறங்காது, அந்தப் பயம் தேவையில்லை. 'க்ளோஸ்டு' என்று மாறவில்லை என்றால் அவர்களுடைய தளத்திலேயே புகார் கொடு, அதற்குக் கட்டணம் கிடையாது. 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உனக்கு இழப்பீடு தர வேண்டும் என்று விதி இருக்கிறது. சிபில் ஸ்கோரை ஏற்றித் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறவர்களிடம் போய்விடாதே. உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது, பொய்யான பதிவை நீயே இலவசமாகத் திருத்திக்கொள்ளலாம். இரண்டுக்கும் நடுவில் அவர்களுக்கு என்ன வேலை?

இது முடிந்த பிறகு, இப்போது கார்டு கொடுத்திருக்கிற வங்கியிடம் நீயாகவே பேசு. வருஷக் கட்டணம் இல்லாத சாதாரணக் கார்டுக்கு மாற்றித் தர முடியுமா என்று கேள். அவர்கள் முதலில் காட்டுவது அவர்களுக்கு லாபமான கார்டைத்தான். நீ கேட்டால்தான் அலமாரியில் இருக்கிற மற்றது வெளியே வரும். இருக்கிற கணக்கிலேயே மாற்றுகிறீர்களா, இல்லை புது மனுவாக எடுத்துக்கொண்டு சிபிலில் விசாரிப்பீர்களா என்றும் கேள். அதே கணக்கு தொடர்ந்தால், இத்தனை நாள் நீ ஒழுங்காகக் கட்டிய வரலாறு அறுபடாமல் ஒரே கோட்டில் போகும். புது மனு என்றால் ஒரு விசாரணை பதிவாகும், கணக்கும் புதிதாகத் தொடங்கும். அதுவும் பெரிய பாதகமில்லை. ஆனால் தெரிந்து செய்ய வேண்டும். எஃப்.டி.யை எப்போது விடுவிப்பார்கள் என்பதை எழுத்திலேயே வாங்கு.

அந்த மெசேஜில் இருக்கிற 'ஏற்றுக்கொள்கிறேன்' பட்டனை மட்டும் இப்போதைக்குத் தொடாதே. உன் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் கார்டை அப்கிரேடு செய்யவோ லிமிட்டை ஏற்றவோ வங்கிக்கு உரிமை இல்லை. சம்மதம் இல்லாமல் மாற்றிக் கட்டணமும் போட்டால், அதைத் திருப்புவதோடு இரண்டு மடங்கு அபராதமும் தர வேண்டும் என்று 2022-ல் ரிசர்வ் வங்கி கொடுத்த உத்தரவு சொல்கிறது. ஆனால் பட்டனை அழுத்திவிட்டால் அதுதான் உன் சம்மதம்.

இவர்கள் மறுத்துவிட்டால் கோபத்தில் நாலு வங்கியில் மனு போட்டுவிடாதே. மறுத்தார்கள் என்பது ரிப்போர்ட்டில் வராது, ஆனால் கேட்டாய் என்பது ஒவ்வொன்றாக வரும். ஒரே மாதத்தில் நாலு விசாரணையைப் பார்த்தால் எந்த அதிகாரிக்கும் இந்தப் பெண்ணுக்கு என்ன நெருக்கடியோ என்றுதான் தோன்றும். ஆறு மாதம் விட்டு அதே வங்கியிடம் மறுபடி கேள்.

மாறுகிற சமயத்தில்தான் நிறையப் பேர் இடறுகிறார்கள். புதுக் கார்டு கைக்கு வந்து ஒரு பில்லாவது ஒழுங்காக ஓடிய பிறகு பழையதை மூடு. எஃப்.டி.யை முன்னாலேயே உடைக்கப் போனால் கார்டு முடங்கும், முதிர்வுக்கு முந்தி எடுப்பதால் வட்டியும் குறையும். பழைய கார்டில் தானாகப் போகிற பில்களை எல்லாம் ஒரு தாளில் எழுது. இன்டர்நெட், போன், அப்பாவுக்கு நீ கட்டுகிற மருத்துவக் காப்பீடு. காப்பீட்டுத் தவணை மட்டும் எக்காரணம் கொண்டும் நின்றுவிடக் கூடாது. மூடச் சொல்லி எழுதுவதற்கு முன் நிலுவை பூஜ்யமா என்று பார். முந்நூறு ரூபாய், நானூறு ரூபாய் மீதி நின்று, மாதக்கணக்கில் 'தாமதம்' என்று பதிவாகி, அதனால் கடன் கிடைக்காமல் எங்கள் மேஜை முன்னால் கண் கலங்கி நின்றவர்கள் இருக்கிறார்கள். நிலுவை இல்லை என்றால், நீ கேட்ட ஏழு வேலை நாளுக்குள் அவர்கள் மூட வேண்டும். தவறினால் நாளுக்கு 500 ரூபாய் தர வேண்டும். மூடியதற்கு உறுதி வரும் மின்னஞ்சலை அழிக்காதே.

லிமிட் ஏறியதும் எனக்கு இருக்கிற பயத்தையும் சொல்லிவிடுகிறேன். உன்மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை, அந்தக் கணக்கு எப்படி ஓடும் என்று தெரிந்ததால். 50,000 நிலுவை என்று வை. மாதம் மூன்றரை சதவீத வட்டி 1,750. அதன் மேல் ஜி.எஸ்.டி. 315. ஆக 2,065. பில்லில் குறைந்தபட்சம் இவ்வளவாவது கட்டு என்று 'மினிமம் டியூ 2,500' போட்டிருப்பதை மட்டும் கட்டினால், அசலில் கழிவது 435 ரூபாய்தான். அதோடு, ஒரு மாதம் பாக்கி வைத்துவிட்டால் அடுத்து நீ வாங்குகிற புதுப் பொருளுக்கும் வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓடும், வட்டியில்லாத நாட்கள் கிடையாது. ஆகவே மினிமம் டியூ என்ற வரியை உன் கண் பார்க்கவே வேண்டாம். சேமிப்புக் கணக்கிலிருந்து முழுத் தொகையும் தானாகப் போகிற மாதிரி போட்டு வை. கார்டை ஏ.டி.எம்.மில் செருகாதே. ரூபே கார்டு கொடுத்து யு.பி.ஐ.யில் இணைக்கச் சொன்னால் யோசித்துச் செய். டீக்கடை, பூக்கடை எல்லாம் கடனில் போகத் தொடங்கினால் மாதக் கடைசியில் எங்கே போனதென்றே தெரியாது.

உன் சித்தப்பா மகன் போன் வாங்க உன் கார்டில் இ.எம்.ஐ. போட்டுத் தரச் சொல்லி மறுபடியும் கேட்பான். நல்ல பையன்தான், கட்டக்கூடிய எண்ணமும் இருக்கும். ஆனால் அவன் ஒரு மாதம் தவறினால் சிபிலில் வருவது உன் பெயர். முடியாது என்று சொல்வது உனக்குக் கஷ்டமாக இருந்தால், அம்மா கூடாது என்கிறாள் என்று சொல்லிவிடு. அவனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அந்த 30,000 வெளியே வந்ததும் செலவழிக்க வேண்டாம். சாதாரண எஃப்.டி.யாக மாற்றி, மாதம் கொஞ்சம் சேர்த்து, மூன்று மாத வாடகைக்கு ஆகிறவரை வளர்த்து வை. வேலை போனால் முதலில் எடுக்கிற பணம் அதுவாக இருக்கட்டும், கார்டு வேண்டாம்.

பழைய வங்கிக்கு எழுத வேண்டிய கடிதத்தை நான் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன். நீ இங்கிலீஷில் மாற்றி, செட்டில்மெண்ட் கடிதத்தின் நகலையும் சேர்த்து அனுப்பு. அந்தக் கடிதம் கிடைக்கவில்லை என்றால் உன் பழைய மெயிலில் தேடு, அதிலும் இல்லை என்றால் நகல் கேட்டு முதலில் ஒரு மெயில் போடு. மாப்பிள்ளையிடமும் இதைக் காட்டு. வீட்டுக் கடன் இருவர் பேரிலும்தான் போடுவீர்கள், அவருடைய ரிப்போர்ட்டையும் இப்போதே எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

அன்புடன்,
அம்மா