இரண்டு வாரப் பத்தியம் மட்டும் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பகுதியில் வெளிவந்த கட்டுரை, இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கும் ‘ஸ்லீவ்’, இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு நேரே இணைக்கும் ‘பைபாஸ்’ ஆகிய இரு முறைகளையும் எளிதில் விளங்கும்படி எடுத்துரைத்தது. ஆனால் நோயாளி அதற்குத் தயாராவதை மட்டும் ‘இரண்டு வாரம் பத்தியம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. மும்பை மருத்துவமனைகளில் உணவு ஆலோசகராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் அது பற்றிச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

அந்த இரண்டு வாரம் முக்கியமாகக் கல்லீரலுக்கானது. உடல் பருமன் உள்ள பலருக்குக் கல்லீரல் கொழுப்பு சேர்ந்து பெருத்திருக்கும். அதன் இடப்பக்கப் பகுதி இரைப்பையை மூடியபடி இருப்பதால், அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் அறுவை நிபுணர் லேப்ராஸ்கோப் (வயிற்றில் சிறு துளையிட்டுச் செலுத்தும் கேமராக் குழாய்) வழியே வேலை செய்ய வேண்டும். நாளொன்றுக்கு 800 முதல் 1,000 கலோரிக்குள், மாவுச்சத்தைக் குறைத்துப் புரதத்தைக் குறைக்காமல் உண்டால், கல்லீரலில் சேமிப்பாக இருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்தும் அதோடு சேர்ந்த நீரும் வெளியேறி, கொழுப்பும் குறைந்து அது சுருங்கும். சுருங்காவிட்டால் அறுவையையே நிறுத்திவிட நேரலாம். இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்களும் தங்கள் மருத்துவரைக் கேட்டு மருந்தின் அளவைச் சரிசெய்துகொள்ளாமல் இந்தப் பத்தியத்தைத் தொடங்கக் கூடாது. சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடும்.

இது தெரியாமல் நம் உறவினர்கள் செய்யும் உபசாரம் பெரிய இடைஞ்சல். ‘ஆப்பரேஷன் ஆகிவிட்டால் எதையும் ஆசையாகச் சாப்பிட முடியாதாமே’ என்று செம்பூரிலிருந்து ஒருவர் பிரியாணியும் தாராவியிலிருந்து ஒருவர் அல்வாவும் கொண்டுவந்து கொடுக்க, நோயாளியும் விடைபெறும் விருந்தாக எண்ணி உண்டு தீர்க்கிறார். பிரியம்தான், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் சுருங்க வேண்டிய கல்லீரல் அந்த வாரங்களில் மேலும் பெருக்கும்.

கல்லீரல் இரண்டு வாரத்தில் இணங்கிவிடலாம், பழக்கம் இணங்காது. என் அனுபவத்தில், சோற்றைக் குறைக்கச் சொன்னால் முணுமுணுத்துக்கொண்டாவது குறைத்துவிடுகிறார்கள். தண்ணீர் குடிக்கும் விதத்தை மாற்றச் சொன்னால்தான் திகைக்கிறார்கள். தட்டுக்குப் பக்கத்தில் சொம்பை வைத்துக்கொண்டு இடையிடையே குடிப்பதும், அதுவும் அண்ணாந்து மடமடவென்று ஊற்றிக்கொள்வதும் நமக்குக் குழந்தைப் பருவத்திலிருந்து வந்தவை. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்குக் குறையாமல் நீக்கப்படுகிறது. எஞ்சிய சிறு பையில் உணவும் நீரும் ஒரே நேரத்தில் இறங்கினால் நெஞ்சடைப்பது போன்ற வலியும் வாந்தியும் வரும். அண்ணாந்து குடிக்கும்போது காற்றும் சேர்ந்து உள்ளே போகும். ஆகவே சாப்பாட்டோடு குடிக்காமல், சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து வாய் வைத்துச் சிறிது சிறிதாக, நாள் முழுவதும் பரவலாகக் குடிக்கப் பழக வேண்டும். இதை அறுவைக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்குவதுதான் அறிவுடைமை.

மென்று தின்பதும் அப்படியே. கல்யாணிலும் அம்பர்நாத்திலும் இருந்து லோக்கல் ரயிலில் வேலைக்குச் சென்று இரவு பத்து மணிக்குத் திரும்புபவர், குழைந்த ரசம் சாதத்தை ஐந்து நிமிடத்தில் விழுங்கிவிட்டுப் படுத்துவிடுகிறார். ஒரு வேளை உணவுக்கு இருபது நிமிடமாவது ஒதுக்க அவர் இப்போதே வழி தேட வேண்டும். சோடா பானங்களையும் புகையையும் மதுவையும் விட வேண்டும் என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். மூன்று வேளையும் சர்க்கரை போட்டுக் குடிக்கும் காபியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பைபாஸுக்குப் பின் இனிப்பு வேகமாகக் குடலுக்குள் இறங்கிப் படபடப்பையும் வியர்வையையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கலாம்.

புரதம் பற்றியும் சொல்லியாக வேண்டும். அறுவைக்குப் பின் நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் தேவை. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம்தான் இருக்கிறது. சைவ வீடுகளில் சாம்பாரே போதும் என்று நம்புகிறார்கள், அதில் பருப்பைவிடத் தண்ணீர்தான் அதிகம். சுண்டல், பனீர், சோயா, கெட்டித் தயிர் ஆகியவற்றை முதலில் உண்டு, சோற்றைக் கடைசிக்குத் தள்ளும் பழக்கம் முன்கூட்டியே வர வேண்டும்.

மருத்துவமனைகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஓட்ஸும் புரொக்கோலியும் அச்சிட்ட பட்டியலை நோயாளியின் கையில் மட்டும் கொடுத்து அனுப்பாமல், அவர் வீட்டில் சமைப்பவரையும் ஆலோசனைக்கு அழையுங்கள். தங்கள் நாளிதழும், இந்த முன்தயாரிப்பு உணவைக் கிராம் கணக்கோடு நிறுத்தாமல் நம் சமையலறையின் கரண்டி, கிண்ணம், டம்ளர் அளவுகளில், தகுதி பெற்ற உணவியல் நிபுணரைக் கொண்டு எழுதி வெளியிட்டால் மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு உடனே பயன்படும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
முலுண்ட், மும்பை