வண்டியின் சத்தத்தை மாற்றப் போகும் மகளுக்கு

பாப்பா,

நீ அனுப்பிய ஒலிப்பதிவை நாலைந்து தடவை கேட்டேன். ஸ்டார்ட் ஆனதும் ஒரு நல்ல உறுமல் வருகிறது, அப்புறம் இன்ஜின் சூடாகி ஐடிலிங், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடுகிற வேகம், இறங்கியதும் எல்லாம் அடங்கிப்போய் ஏதோ தையல் மெஷின் ஓடுகிற மாதிரி ஆகிவிடுகிறது. அவ்வளவு ஆசைப்பட்டு வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார் இப்படிப் பேசினால் மனசு கேட்காதுதான். எக்ஸாஸ்ட், அதாவது புகை போகிற குழாய், முழு செட்டாக வாங்கக் கையில் பணமில்லை, இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால் எழுதுகிறேன்.

கூடவே, எட்டு சிலிண்டரும் பக்கத்துக்கு நாலாக V வடிவில் நிற்கிற ஒரு வி8 வண்டியின் சத்தத்தையும் அனுப்பி, இது மாதிரி வேண்டும் என்றாயே, அது உன் வண்டியில் வராது. எந்தக் குழாயைப் போட்டாலும் வராது. நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டு, இரண்டு சுற்று சுற்றும்போது ஒரு தடவைதான் வெடிக்கும். 3000 ஆர்பிஎம்மில், அதாவது கிராங்க் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது, உன் நாலு சிலிண்டர் வினாடிக்கு 100 தடவை வெடிக்கிறது, எட்டு சிலிண்டர் 200 தடவை. அதோடு அந்த வி8-இல் இருப்பது கைகள் 90 டிகிரி தள்ளித் தள்ளி நிற்கிற கிராஸ்பிளேன் கிராங்க், அதில் ஒரு பக்கத்து நாலு சிலிண்டரும் சம இடைவெளியில் வெடிக்காது, நீ ரசிக்கிற அந்தத் தாளம் தப்பிய துடிப்பு அதிலிருந்துதான் வருகிறது. உன் இன்ஜின் 180 டிகிரிக்கு ஒரு தடவை ஒழுங்காக வெடிக்கும். லெக்ஸஸ் எல்எஃப்ஏ காரின் பத்து சிலிண்டர் வி10 இன்ஜினை யமஹாவோடு சேர்ந்து செய்தார்கள், அது 9000 ஆர்பிஎம்மில் வினாடிக்கு 750 தடவை வெடிக்கிறது, அந்தக் கீச்சென்ற பாட்டு அந்த இன்ஜினுக்கே உரியது. உன் இன்ஜினுக்கும் சொந்தக் குரல் ஒன்று இருக்கிறது, 4000-க்கு மேலே போனால் அது நல்ல குரல். அதை மூடியிருப்பதைக் கொஞ்சம் விலக்கினால் போதும், அதற்குப் பெரிய செலவும் ஆகாது.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் கை வைக்காதே. அதை எடுத்தால் சத்தம் கூடும், உண்மைதான், ஆனால் கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் கெடுதல் குறைந்த வாயுக்களாக மாற்றுவது அதற்குள் தேன்கூடு மாதிரி இருக்கிற அந்தப் பகுதிதான். பல நாடுகளில் அதை எடுப்பது சட்டப்படி குற்றம். அதற்குப் பின்னால் இருக்கிற ஆக்ஸிஜன் சென்சார் சீக்கிரமே கண்டுபிடித்து டாஷ்போர்டில் விளக்கைப் போட்டுவிடும், வண்டியும் நாறும். உன் வேலை எல்லாம் கன்வெர்ட்டருக்குப் பின்னால்தான்.

பின்னால் இரண்டு பொருள் இருக்கிறது, நடுவில் ரெசனேட்டர், கடைசியில் சைலன்சர். பணம் குறைவு என்றால் ஆட்கள் முதலில் ரெசனேட்டரை வெட்டி நேர்க்குழாய் போடுவார்கள், ஒரு துண்டுக் குழாயும் இரண்டு வெல்டிங்கும்தான் செலவு. நாலு சிலிண்டர் வண்டியில் அது எனக்குப் பிடித்ததே இல்லை. தகரத்தைக் கிழிக்கிற மாதிரி கரகரவென்று ஒரு சத்தம் வரும், அந்தக் கரகரப்பை அடக்கத்தான் அதை அங்கே வைத்திருக்கிறார்கள். நீ சைலன்சரை மட்டும் மாற்று. உள்ளே துளையிட்ட குழாய் நேராகப் போக, சுற்றிலும் கண்ணாடிக் கம்பளி அடைத்த வகை, அதிலும் உடல் நீளமானதாகப் பார். குட்டையானதைப் போட்டால் இரைச்சல்தான் மிஞ்சும். உன் மாடலிலேயே உயர்ந்த ரகத்துக்குக் கம்பெனி கொடுக்கிற ஸ்போர்ட் சைலன்சர் செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறதா என்றும் தேடு. வேறு செட் மாட்டியவர்கள் அதைக் கழற்றிக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள், பெரும்பாலும் வெட்டாமல் மாட்டலாம், கம்பெனியே உட்கார்ந்து சத்தம் பார்த்த பொருள், என்னைக் கேட்டால் இதுதான் முதல் வழி. நுனியில் மாட்டுகிற பளபள குழாய்க்குப் பணம் செலவழிக்காதே, அது கண்ணுக்குத்தான்.

பழைய சைலன்சரைத் தூக்கிப் போடாதே. இரண்டு குழாயைப் போல்ட் போட்டுச் சேர்க்கிற ஃபிளேஞ்ச் இருக்கிற இடத்தில் போல்ட்டைக் கழற்று, வெட்டவே வேண்டி வந்தால் திரும்ப மாட்டுகிற மாதிரி வெட்டு. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான், ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்தது.

ஒரு வாரம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பட்டறையில் முறுக்கிக் கேட்கும்போது எல்லாச் சைலன்சரும் அழகாகத்தான் இருக்கும். நெடுஞ்சாலையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரே வேகத்தில் ஒரு மணி நேரம் போனால்தான் தெரியும், சில வண்டிகளில் 2500, 3000 பக்கம் ஒரு 'ங்ம்ம்ம்' என்ற முழக்கம் வந்து மண்டைக்குள் உட்கார்ந்துகொள்ளும். இன்ஜின் துடிப்பும் கேபினுக்குள் இருக்கிற காற்றின் இயல்பான அதிர்வும் ஒன்றோடொன்று பொருந்துவதால் வருவது அது. அதற்கும் மலிவான மருந்து உண்டு. மெயின் பைப்பிலிருந்து ஒரு கிளைக் குழாய் எடுத்து அதன் கடைசியை மூடிவிடு, அந்த அலையின் நீளத்தில் கால் பங்கு இருந்தால் போய்த் திரும்பி வருகிற அலை அந்த முழக்கத்தை அடித்துவிடும். 3000 ஆர்பிஎம் என்றால் உனக்கு வினாடிக்கு 100 துடிப்பு, அதாவது 100 ஹெர்ட்ஸ். சாதாரணக் காற்றுக்குக் கணக்குப் போட்டால் 86 சென்டிமீட்டர் வரும், நிறையப் பேர் இங்கேதான் தப்பு பண்ணுகிறார்கள். சூடான வாயுவில் ஒலி வேகமாகப் போகும், 330 டிகிரி சூட்டில் வினாடிக்கு ஏறக்குறைய 490 மீட்டர், அப்போது நீளம் 1.2 மீட்டரைத் தாண்டிவிடும். ஆனால் முட்டுச்சந்து மாதிரி மூடிய கிளையில் வாயு ஓடாமல் நிற்பதால் கொஞ்சம் ஆறியிருக்கும், ஆகவே சரியான நீளம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ. நீளமாகவே செய்து, மூடியை வெல்டிங் பண்ணாமல் கிளாம்பில் பிடித்து, ஓட்டிப் பார்த்துப் பார்த்துக் குறை.

பெரிய குழாய் போட்டால் பெரிய சத்தம் என்று யாராவது சொல்வார்கள். அளவுக்கு மீறிப் பெரிதானால் வாயுவின் வேகம் குறையும், கீழ் ஆர்பிஎம்மில் இழுவை குறையும், முழக்கம்தான் கூடும். கம்பெனி அளவு, இல்லையென்றால் அதற்கு ஒரு படி மேலே, அதோடு நிறுத்திக்கொள். குழாய் அலுமினியம் பூசிய இரும்பாக இருந்தால் போதும். ஸ்டெயின்லெஸ் என்று விற்றால் காந்தம் வைத்துப் பார், 409 ரகம் ஒட்டும், 304 பெரும்பாலும் ஒட்டாது, 304 விலைக்கு 409-ஐ வாங்கிவிடாதே. மலிவு என்று கால்வனைஸ்டு தண்ணீர்க் குழாய் மட்டும் வேண்டவே வேண்டாம், வெல்டிங் வைக்கும்போது வருகிற துத்தநாகப் புகை மூச்சில் போனால் காய்ச்சல் வந்து படுத்துவிடுவார்கள், நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றச் சொல். வண்டிக்குக் கீழே போவதானால் ஜாக்கியை நம்பாதே, ஸ்டாண்டு வைத்துவிட்டுப் போ.

இன்னொன்று, உனக்கு இதுவரை சொன்னதில்லை. நீ கைக்குழந்தையாக இருந்தபோது நானும் சத்தத்துக்காக வண்டியில் பைப்பை மாற்றினேன். ஒரு ஜாயின்ட்டில் வாயு கசியாமல் இடையில் வைக்கிற கேஸ்கட்டைப் புதிதாக வாங்காமல் பழையதையே திரும்பப் போட்டுவிட்டேன். மழை நாள், கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது, அம்மா தலை வலிக்கிறது என்றாள், கொஞ்ச நேரத்தில் வாந்தி வருகிறது என்றாள், பின்சீட்டில் நீ எழுப்பியும் சரியாகக் கண் திறக்கவில்லை. நிறுத்திக் கதவைத் திறந்து உன்னைத் தூக்கிக்கொண்டு மழையில் நின்றோம். நீ அழ ஆரம்பித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது பாப்பா. அதனால் புது கேஸ்கட் போடு, வேலை முடிந்ததும் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து, பின் நுனியைக் கனமான துணியால் ஒரு கணம் அடைத்து, ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் 'புஸ்' என்று கேட்கிறதா பார். கேட்டால் அன்றைக்கு ஓட்டாதே. குழாய் நுனி பம்பருக்கு வெளியே வந்து முடிகிறதா என்றும் பார்.

சரி, சைலன்சரை வாங்குவதற்கு முன் எனக்கு இரண்டு பதிவு அனுப்பு. ஒன்று, காலையில் முதல் ஸ்டார்ட், வண்டிக்குப் பின்னால் நின்று எடுத்தது. இன்னொன்று, 3000-இல் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே எடுத்தது, அதை நீ ஓட்டிக்கொண்டே எடுக்காதே, பக்கத்தில் இருப்பவர் எடுக்கட்டும். மாற்றிய பிறகும் அதே இடத்தில் அதே இரண்டு. இரண்டையும் நான் ஒன்றன் பின் ஒன்றாகக் கேட்க வேண்டும்.

அப்பா