ஆய்வேடுகளை எடைக்குப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காரைக்குடியில் இருபது வருடமாக ஜெராக்ஸ், டைப்பிங், பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் கடையில் நிற்க இடம் இருக்காது. இளங்கலை மூன்றாம் வருடப் பிள்ளைகள் எல்லாரும் ஆய்வேடு அடித்து பைண்டு போட பென்டிரைவும் கையுமாக வந்து நிற்பார்கள், எல்லாருக்கும் நாளைக்கே வேண்டும். அதில் பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, போன வருஷம் எங்க சீனியர் இங்கதான அடிச்சாரு, அந்த ஃபைல் இருந்தா பேரை மட்டும் மாத்திக் குடுங்கண்ணே."

கடை ஆரம்பித்த புதிதில் நானும் அப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன். அது தப்பு. இப்போது யார் கேட்டாலும் செய்வதில்லை, அதனால் சில வாடிக்கையாளர்கள் போனார்கள், போகட்டும். ஆனால் பிள்ளைகளை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொங்கல் லீவு முடிந்து வந்த பிறகுதான் தலைப்பே கொடுக்கிறார்கள் என்கிறார்கள், மார்ச் கடைசியில் பைண்டு பண்ணிக் கொண்டுவரச் சொல்கிறார்கள், நடுவில் இன்டெர்னல் தேர்வு, அசைன்மென்ட் எல்லாம் இருக்கிறது, ஒரு நெறியாளருக்குப் பதினைந்து பிள்ளைகள் என்றால் அவர்தான் எத்தனை பக்கத்தைப் படித்துத் திருத்துவார்? இரண்டு மாதத்தில் ஆய்வேடு எழுது என்று சொல்வது, எங்கேயாவது பார்த்து எழுதிக்கொண்டு வா என்று சொல்வதற்குச் சமம்தான்.

நேரம் கிடைத்தால் இதே பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். சில வருடம் முன்பு வரலாறு படித்த ஒரு பெண் வந்தது. அப்பா ஆத்தங்குடியில் தரையில் பதிக்கிற பூப்போட்ட கல் (டைல்ஸ்) செய்கிறவர். அந்தப் பெண் நெறியாளர் தலைப்புக் கொடுக்கட்டும் என்று காத்திருக்கவில்லை, இரண்டாம் வருட லீவிலேயே ஒரு நோட்டு வாங்கி, அப்பா வேலை செய்யும் பட்டறையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்திருக்கிறது. கண்ணாடியை வைத்து, அதன் மேல் அச்சை வைத்து, அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் கலர் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கியதும் மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவையைப் போட்டு மட்டம் தட்டி, காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறவைத்து எடுத்தால், கண்ணாடி பட்ட பக்கம் அந்தப் பளபளப்போடு வரும். சூளையில் வைத்துச் சுடுகிற வேலையே இல்லை. இவ்வளவும் செட்டிநாட்டில் பிறந்த எனக்கே அந்த ஆய்வேட்டை டைப் அடிக்கும்போதுதான் முழுசாகத் தெரிந்தது, அதுவரை வீட்டுத் தரையில் இருக்கிற கல், அவ்வளவுதான்.

அந்தப் பெண் பாமினி என்ற பழைய எழுத்துருவில் பாதி, அதோடு ஒத்துப்போகாத யூனிகோடில் பாதி என்று அடித்துக்கொண்டு வந்திருந்தது. இரண்டையும் சேர்த்ததும் எழுத்தெல்லாம் உடைந்து போனது. ராத்திரி பதினொரு மணி வரை அதுவும் அதன் அம்மாவும் என் கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து, வரி வரியாகச் சரிபார்த்தார்கள். அம்மாவுக்கு அவ்வளவாகப் படிப்பு இல்லை, ஆனால் பட்டறைச் சொல் ஏதாவது தப்பாக வந்தால் காதால் கேட்டே பிடித்துவிட்டார். வைவா என்கிற வாய்மொழித் தேர்வு முடிந்து அந்தப் பெண் ஸ்வீட் பாக்ஸோடு வந்தது. அச்சைத் தூக்கினால் ஒரு கலர் பக்கத்துக் கலரோடு ஏன் கலப்பதில்லை என்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டாராம், எழுந்து நின்று கையாலேயே செய்து காட்டியிருக்கிறது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. போன மாதம் பழைய பேப்பர் கடையில் ஒரு கட்டு பார்த்தேன். நீல ரெக்சின் அட்டை, தங்க எழுத்து, நான் போட்ட பைண்டிங் எனக்குத் தெரியாதா? கல்லூரியிலிருந்து மொத்தமாக எடைக்கு வந்ததாம். புரட்டிப் பார்த்தால் அந்தப் பெண்ணின் ஆய்வேடும் அதில் இருந்தது. கிலோ கணக்கில் காசு கொடுத்து அதை மட்டும் எடுத்து வந்தேன், இப்போது என் கடை அலமாரியில் இருக்கிறது.

பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். பழைய புத்தகம், பத்திரிகை மட்டுமில்லாமல் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை வரைக்கும் சேர்த்து வைத்தார். 1992-ல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது, 1994-ல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் வந்தது. சுமார் ஒரு லட்சம் உருப்படிகள். மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கிய காகிதத்தை அப்படிக் காப்பாற்றிய மண்ணில், பிள்ளை எழுதிய ஆய்வேட்டை ஐந்து வருடம்கூட வைத்திருக்க முடியவில்லையா?

பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட கட்டமைப்பில் நான்கு வருட ஆனர்ஸ் படிப்பு இருக்கிறது. முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதமும் அதற்கு மேலும் எடுத்தவர்கள் நான்காம் வருடம் ஆய்வு செய்யலாம், மொத்தம் 160 கிரெடிட்டில் ஆய்வேட்டுக்கு மட்டும் 12. நம் மாநிலத்தில் பெரும்பாலும் மூன்று வருடப் பட்டம்தான், எது சரி என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் ஆய்வு என்றால் அதற்கென்று காலம் ஒதுக்க வேண்டும் என்பதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாமே. மூன்று வருடப் படிப்பிலும் நான்காம் செமஸ்டர் முடிகிறபோதே தலைப்பைக் கொடுத்துவிட்டால், அந்தக் கோடை லீவு முழுக்கக் களப்பணிக்குக் கிடைக்கும். பிள்ளைகள் நெட்டில் தேட வேண்டாம், கண்டாங்கி நெய்கிறவர்களும், பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளைக் கூட்டிப் பெருக்கிக் காவல் காக்கிறவர்களும் இங்கேயே இருக்கிறார்கள். கேட்டால் சொல்வார்கள்.

அப்புறம், எழுதி முடித்ததை நூலகத்தில் வையுங்கள். துறை அலமாரியில் பூட்டி வைத்து இடம் பற்றாதபோது எடைக்குப் போடாமல், ஒரு பிரதியை அடுத்த வருடப் பிள்ளை எடுத்துப் படிக்கிற மாதிரி தட்டில் வைத்து, ஸ்கேன் பண்ணி ஒரு பிடிஎஃபும் வைத்துக்கொண்டால் போதும். அதே தலைப்பில் போன வருடம் யார் எழுதினார்கள் என்று நெறியாளர் அங்கேயே பார்த்துவிடலாம், பெயரை மாற்றிக் கொண்டுவருகிறவர்களும் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள்.

என்னால் ஆனது ஒன்று சொல்கிறேன். சொந்தமாகக் களத்துக்குப் போய் எழுதிய பிள்ளை யாராக இருந்தாலும், நூலகத்துக்கென்று ஒரு பிரதியை நான் காசு வாங்காமல் பைண்டு போட்டுத் தருகிறேன். வாங்கி வைக்கிறோம் என்று கல்லூரிகள் சொன்னால் இந்தப் பங்குனியிலேயே ஆரம்பித்துவிடலாம்.

இப்படிக்கு,
பைண்டிங் கடைக்காரர்,
செக்காலை, காரைக்குடி.